கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் கறுப்புப் படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் கண்ணாடிச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறேன். சாமி படம், கல்யாணப் போட்டோ, காலமான பெரியவர்களின் படம், பிள்ளைகளின் சான்றிதழ், வருகிற வேலை இவ்வளவுதான். கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. அட்டை பிய்ந்துபோன ஓவியப் புத்தகம் ஒன்றை எடைக்குப் போட இருந்தார்கள். அதிலிருந்து எடுத்த பக்கம். ஒல்லியான ஆணும் பெண்ணும் மேசை முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் ஒரு காலித் தட்டு.

சட்டம் ஒட்டிக் காய்வதற்குள் வந்தவர்கள் அதைப் பார்த்து ஏதாவது கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை, எழுதியே வைத்துவிட்டேன்.

அண்ணாச்சி, இது யார் வரைஞ்சது?

பாப்லோ பிக்காசோ. 1881-ல் ஸ்பெயினில் மாலகா என்ற ஊரில் பிறந்தவர். அப்பா டிராயிங் வாத்தியார். இந்தப் படத்தைச் செய்தது 1904-ல், பாரிஸில். அப்போது வயது 22. படத்தின் பிரெஞ்சுப் பெயர் ‘லெ ரெப்பா ஃப்ரூகால்’. ‘எளிய உணவு’ என்று சொல்லலாம். ‘சிக்கனச் சாப்பாடு’ என்றும் சொல்லலாம். ஆனால் சிக்கனம் என்பது கையில் காசு வைத்துக்கொண்டு செலவழிக்காமல் இருப்பது. இவர்களிடம் அந்த வசதி இருப்பதாகத் தெரியவில்லை.

மூஞ்சியைக் கோணல்மாணலாக வரைவாரே, அவரா?

அவரேதான். அது பின்னால். ‘நேராக வரையத் தெரியாததால்தான் கோணலாக வரைந்தார்’ என்று நினைக்கிறவர்கள் இந்தப் படத்தின் கழுத்தெலும்பைக் கொஞ்ச நேரம் பார்க்கட்டும்.

இவங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா?

இதை முதலில் கேட்டது ஒரு ஆச்சி. தாத்தாவின் படத்துக்குச் சட்டம் போட வந்தவர். நான் பதில் சொல்வதற்குள் அவரே சொல்லிவிட்டார்: “புருஷன் பொண்டாட்டிதான். இல்லாட்டி இப்படிப் பேசாம உக்காந்திருக்க முடியாது.”

படத்தில் தாலியோ மோதிரமோ கிடையாது. தலைப்பும் உறவைச் சொல்லவில்லை. ஆனால் ஆச்சி பார்த்தது சரியான இடம். அந்த ஆள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறார், பக்கவாட்டு முகம் மட்டும் தெரிகிறது. அந்தப் பெண் மோவாயைக் கையில் தாங்கிக்கொண்டு நம் பக்கம் பார்க்கிறாள். பார்வை ஒட்டவே இல்லை. சண்டை போட்டுக்கொண்டார்களோ என்று நினைக்கத் தோன்றும். அப்புறம் கைகளைப் பாருங்கள். அவருடைய ஒரு கை அவள் தோளைச் சுற்றி வந்திருக்கிறது, இன்னொரு கை அவள் கைமேல் இருக்கிறது. பிடித்து இழுக்கிற பிடி இல்லை, சும்மா வைத்திருக்கிற கை.

என் கடைக்கு வருகிற பழைய கல்யாணப் போட்டோக்களில் இதற்கு நேர் எதிராக இருக்கும். மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பெண் பக்கத்தில் நிற்பாள், கை நாற்காலியின் முதுகில் இருக்கும். ரெண்டு பேரும் ஒரே கேமராவைப் பார்ப்பார்கள், ஒருவர்மேல் ஒருவர் விரல் படாது. ஐம்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த ஜோடிகளின் படம் அப்படித்தான் இருக்கிறது. பிக்காசோ படத்தில் கண் பிரிந்திருக்கிறது, கை சேர்ந்திருக்கிறது. இந்தப் பக்கத்தை எடைக்குப் போக விடாமல் எடுத்து வைத்ததற்குக் காரணம் அதுதான்.

அந்த ஆளுக்குக் கண் தெரியாதா?

கண் தெரியாதவர் என்றுதான் இந்தப் படத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. முந்தின வருஷம், 1903-ல், பிக்காசோ ‘குருடனின் உணவு’ என்று ஓர் எண்ணெய் வண்ணப் படம் வரைந்திருக்கிறார். அது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் கண் தெரியாத ஒருவர் ஒரு கையில் ரொட்டி வைத்துக்கொண்டு, மறு கையால் ஒயின் கூஜாவைத் தடவிப் பார்க்கிறார். அந்த வருஷங்களில் அவருக்குப் பார்வை இல்லாதவர்கள்மேல் ஒரு கண்.

அப்படி எடுத்துக்கொண்டால் தோள்மேல் இருக்கிற கைக்கு வேறு ஓர் அர்த்தமும் வந்துவிடுகிறது. அவள் அங்கேதான் இருக்கிறாள் என்று அவருக்குத் தெரிவது அந்தக் கை வழியாகத்தான்.

தட்டு ஏன் காலியா இருக்கு? இது வீடா, ஓட்டலா?

மேசையில் இருப்பது ஒரு பாட்டில், கண்ணாடி டம்ளர், ரொட்டித் துண்டு, காலித் தட்டு. சாப்பிட்டு முடித்த தட்டா, இனிமேல்தான் ஏதாவது வரணுமா, தெரியாது. நம் ஊரில் சாப்பிட்டு முடித்தால் இலையை மடித்து வைப்போம், பார்த்தவுடன் தெரிந்துவிடும். தட்டு அப்படி எதையும் சொல்வதில்லை.

இடம் எது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. பெர்னாந்த் ஒலிவியே என்ற பெண் 1904-ல் பிக்காசோவுக்குப் பழக்கமாகி, பிறகு பல வருஷம் அவரோடு வாழ்ந்தவர். முதன்முதலில் பிக்காசோவின் அறைக்குள் போனபோது அவர் இந்தப் படத்தில்தான் வேலை செய்துகொண்டிருந்தார் என்று பின்னால் எழுதியிருக்கிறார். ஒயின் கடை மேசையில் உட்கார்ந்திருக்கும் எலும்பும் தோலுமான ஜோடி என்பது அவர் சொன்ன விவரம். அதனால் இது வீட்டு அடுப்படி இல்லை, கடை. ஆனால் மேசைமேல் விரித்திருக்கிற வெள்ளைத் துணி இருக்கிறதே, அந்த ஒன்று போதும், நமக்கு வீடு மாதிரி ஆகிவிடுகிறது. வீட்டில் சரியான அடுப்பு இல்லாதவர்களுக்குக் கடை மேசைதான் அடுப்படி, அப்படியும் பார்க்கலாம்.

பிக்காசோ அப்போது குடியிருந்த இடமும் லேசுப்பட்டதில்லை. மோன்மார்த்ர் குன்றுச் சரிவில் ஒரு பழைய மரக் கட்டடம். வெயில் காலத்தில் வேகும், பனிக்காலத்தில் விறைக்கும். கட்டடம் முழுவதற்கும் ஒரே தண்ணீர்க் குழாய். அங்கே இருந்தவர்கள் அதற்கு ‘பட்டோ லவ்வார்’, அதாவது சலவைப் படகு, என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். பாரிஸ் ஆற்றில் துணி வெளுக்கிறவர்களின் படகுகள் நிற்குமாம், அதைப் போல இருக்கிறதாம்.

பென்சில்ல வரைஞ்சதா, பேனாவா?

ரெண்டும் இல்லை. இது ‘எட்சிங்’. தகட்டில் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, காகிதத்தில் அச்செடுப்பது.

நம் பக்கத்துப் பழைய அச்சகக்காரர்களிடம் சொன்னால் பாதியிலேயே பிடித்துக்கொள்வார்கள். ஆப்செட் வருவதற்கு முன்னால் கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் படமோ, நோட்டீஸில் கடைச் சின்னமோ வேண்டுமென்றால் ‘பிளாக்’ போடுவார்கள். அதுவும் துத்தநாகத் தகடுதான். அதிலும் நைட்ரிக் அமிலம்தான். ஆனால் வேலை தலைகீழ். பிளாக்கில் அச்சாக வேண்டிய கோட்டைக் காப்பாற்றி வைத்துவிட்டு, மற்ற இடத்தையெல்லாம் அமிலம் தின்றுவிடும். கோடு மேடாக நிற்கும், மேட்டில் மை ஒட்டும். எட்சிங்கில் அச்சாக வேண்டிய கோட்டைத்தான் அமிலம் தின்னும். கோடு பள்ளமாகும், பள்ளத்தில் மை நிற்கும்.

செய்முறை இப்படி. பளபளப்பாகத் தேய்த்த தகட்டின்மேல் தேன்மெழுகு, நிலக்கீல், பிசின் கலந்த பூச்சு ஒன்றை மெல்லிசாகப் பூசுவார்கள். கீறினால் பளிச்சென்று தெரியவேண்டும் என்று அதைப் புகையில் காட்டிக் கருப்பாக்குவதும் உண்டு. பிறகு ஊசி முனையால் வரைவார்கள். ஊசி தகட்டைத் தோண்ட வேண்டியதில்லை, பூச்சைக் கிழித்தால் போதும். பென்சில் மாதிரி லேசாகக் கை ஓடும், உங்களுக்குப் பென்சிலோ என்று தோன்றியதும் அதனால்தான். வரைந்து முடித்துத் தகட்டை அமிலத் தொட்டியில் போட்டால், பூச்சு கிழிந்த இடத்தில் மட்டும் அமிலம் உலோகத்தை அரிக்கும். கொஞ்ச நேரம் விட்டால் மெல்லிய பள்ளம், சாம்பல் கோடு. நேரம் கூடினால் ஆழமான பள்ளம், கன்னங்கரேல் என்று கோடு. லேசாக வேண்டிய இடத்தை இடையில் எடுத்து வார்னிஷ் தடவி மூடிவிட்டு, மீதியைத் திரும்பவும் அமிலத்தில் போடுவார்கள்.

அப்புறம் பூச்சைத் துடைத்துவிட்டு, கெட்டி மையைத் தகடு முழுக்க அப்பி, கஞ்சி போட்ட வலைத்துணியால் மேலே இருக்கிற மையை வழித்துவிடுவார்கள். பள்ளத்தில் இருக்கிற மை மட்டும் தங்கும். மேலே ஈரப்படுத்திய தாள், அதற்கு மேல் கம்பளித் துணி, எல்லாவற்றையும் சேர்த்து ரெண்டு உருளைக்கு நடுவில் விடுவார்கள். கரும்புச் சாறு மெஷினில் கரும்பு போகிற மாதிரிதான். அந்த அழுத்தத்தில் ஈரத்தாள் பள்ளத்துக்குள் பிதுங்கிப் போய் மையை உறிஞ்சிக்கொண்டு வரும்.

அதனால் இந்தப் படத்தில் வெள்ளை என்று ஒரு நிறமே கிடையாது. மேசைத் துணி, அந்தப் பெண்ணின் நெற்றி, விரல் எல்லாம் ஊசி அதிகம் படாத வெறும் தாள்.

எவர்சில்வர் பாத்திரத்துல பேர் வெட்டுறாங்களே, அது மாதிரியா?

உறவு உண்டு, ஆனால் அது வேறு. பாத்திரக் கடையில் மெஷினின் ஊசி நேரடியாக உலோகத்தில் இறங்குகிறது. அமிலம் இல்லாமல் ஊசியாலேயே தகட்டைக் கீறி அச்செடுக்கிற முறையும் ஓவியர்களிடம் உண்டு, ‘டிரைபாயிண்ட்’ என்பார்கள். அதில் கீறலின் ரெண்டு ஓரத்திலும் உலோகப் பிசிறு நிற்கும், அதில் மை ஒட்டி, கோடு வெல்வெட் மாதிரி விழும். பிக்காசோ அடுத்த வருஷமே அதிலும் நிறையச் செய்தார்.

மேலே வலது பக்கம் புல் மாதிரி ஏதோ தெரியுதே?

இதைக் கவனித்துக் கேட்டவர்கள் இதுவரை ரெண்டே பேர். ஒருவர் கேட்டபோது நான் வேலையை நிறுத்திவிட்டு டீ சொன்னேன்.

அது புல்லேதான். ஆனால் பிக்காசோ வரைந்த புல் இல்லை. இந்தத் தகடு புதுசு இல்லை, ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்தியது. ஜோன் கொன்ஸாலஸ் என்ற இன்னொரு ஸ்பானிய ஓவியர் அதில் ஓர் இயற்கைக் காட்சியைச் செய்திருந்தார். புதுத் தகடு வாங்க வழியில்லாமல், பிக்காசோ அந்தப் பழைய தகட்டைச் சுரண்டித் தேய்த்து மேலே தன் படத்தைப் போட்டார். எட்சிங்கில் தப்பை அழிப்பதென்றால் ரப்பர் போட்டு அழிக்கிற வேலை இல்லை. உலோகத்தைச் சுரண்டி, மழுமழு என்று தேய்த்துப் பள்ளத்தைச் சமமாக்க வேண்டும். அவர் முழுக்கச் சுரண்டவில்லை, மேலே ஓரத்தில் கொஞ்சம் விட்டுவிட்டார். ஒயின் கடைச் சுவரில் யாரோ ஒருவருடைய வயல்காட்டுப் புல் முளைத்து நிற்கிறது.

தொழிலைச் சொல்லிக்கொடுத்ததும் நண்பர்தான். பார்சலோனாக்காரரான ரிக்கார்ட் கானல்ஸ், பிக்காசோவுக்கு மூத்தவர், எட்சிங் தெரிந்தவர். ஆக, நண்பர் சொல்லிக்கொடுத்த தொழில், அடுத்தவர் பயன்படுத்திய தகடு. தகடும் செம்பு இல்லை, விலை குறைந்த துத்தநாகம். ஏழ்மையைப் பற்றிய படத்துக்கு வேறு தகடு பொருந்தியிருக்குமா என்ன. ஆனால் அளவில் மட்டும் சிக்கனம் இல்லை. 46 சென்டிமீட்டர் உயரம், 38 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த அகலம். அதாவது ஒன்றரை அடிக்கு ஒன்றேகால் அடி. தொழில் பழகுகிறவன் எடுக்கிற அளவு இல்லை அது.

விரல் ஏன் இவ்வளவு நீளம்?

வேண்டுமென்றே செய்தது. ஸ்பெயினில் எல் கிரேக்கோ என்று ஓர் ஓவியர் இருந்தார், 1614-ல் இறந்தவர். அவர் வரைந்த புனிதர்களுக்கெல்லாம் உடம்பும் விரலும் இழுத்துவிட்ட மாதிரி நீண்டிருக்கும். பிக்காசோ அவரை விழுந்து விழுந்து பார்த்தவர். அந்த நீளத்தைப் புனிதர்களிடமிருந்து எடுத்துப் பட்டினி கிடக்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டார்.

கை பார்க்கிற பழக்கம் நமக்குப் புதிதில்லை. திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலுக்குப் போனவர்கள் வந்து என்ன சொல்வார்கள்? “விரல் நகம் தெரியுது, நரம்பு தெரியுது” என்பார்கள். அங்கே கல்லில் நாயக்கர் காலத்துச் சிற்பி கைக்குள் ரத்தம் ஓட வைத்திருக்கிறார். இங்கே தகட்டில் பிக்காசோ ரத்தத்தை வற்ற வைத்திருக்கிறார். அடுத்த தடவை கிருஷ்ணாபுரம் போனால், முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கைகளை மட்டும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வாருங்கள். திரும்பும் வழியில் என் கடை.

கலர் ஏன் இல்லை?

எட்சிங் பொதுவாக ஒரே மையில் எடுப்பதுதான். பிக்காசோவே அந்தச் சமயத்தில் கலரைக் கிட்டத்தட்ட கைவிட்டிருந்தார். 1901-ல் அவருடைய நெருங்கிய நண்பர் கார்லஸ் காசகேமாஸ் தற்கொலை செய்துகொண்டார். அதிலிருந்து 1904 வரை அவர் வரைந்த படங்கள் பெரும்பாலும் நீலம்தான்: பிச்சைக்காரர்கள், தாயும் பிள்ளையும், கிட்டார் வாசிக்கும் கிழவர். ‘நீலக் காலம்’ என்று பெயர். இந்தத் தகடு அந்தக் காலத்தின் கடைசியில் வருகிறது. நீலத்தை எடுத்துவிட்டு அந்தக் குளிரை மட்டும் வைத்துக்கொண்ட படம் என்பேன்.

இதுதான் அவருடைய முதல் எட்சிங்கா?

பிக்காசோவின் அச்சோவியங்களுக்கு எண் போட்ட ஒரு பட்டியலில் இதுதான் எண் 1. ஆனால் உண்மையில் ரெண்டாவது. முதலாவது 1899-ல் பார்சலோனாவில் செய்தது, காளைச் சண்டையில் ஈட்டி பிடிக்கும் வீரன். அதில் ஒரு வேடிக்கை. அச்செடுத்தால் படம் இடம் வலமாக மாறிவிடும், ரப்பர் ஸ்டாம்பில் எழுத்துத் திரும்பியிருக்கிற மாதிரி. 17, 18 வயசுப் பையன் அதை மறந்துவிட்டான். தகட்டில் வலது கையில் வரைந்த ஈட்டி, தாளில் இடது கைக்கு வந்துவிட்டது. தகட்டைத் தூக்கி எறியாமல், படத்துக்கு ‘இடக்கையன்’ என்று பேர் வைத்துவிட்டான். எனக்கும் இந்தத் தொழிலில் தலைகீழாக மாட்டி அனுப்பிய படம் ஒன்று உண்டு. அதற்குப் பேர் வைத்துச் சமாளிக்க முடியவில்லை.

இடையில் ஐந்து வருஷம். ஈட்டி வீரனிலிருந்து ஒரே தாவலில் இங்கே வந்து நிற்கிறார். தொழில் படிக்கிறவர்களுக்கு வயிற்றெரிச்சல் தரக்கூடிய விஷயம்.

அச்சுன்னா எத்தனை வேணும்னாலும் எடுக்கலாமே. எது அசல்?

அந்தத் தகட்டிலிருந்து எடுத்த ஒவ்வொரு தாளும் அசல்தான். தகடு என்பது படம் இல்லை, படத்தைப் பெற்றுத் தருகிற அச்சு. ஒரே இட்லித் தட்டில் வெந்த இட்லியில் அசல் இட்லி எது என்று யாரும் கேட்பதில்லை அல்லவா.

ஆனால் முதல் ஈடு, கடைசி ஈடு என்று வித்தியாசம் உண்டு. முதலில் மோன்மார்த்ரில் இருந்த ஓஜேன் தெலாத்ர் என்ற அச்சுக்காரர் கொஞ்சம் தாள்கள் எடுத்தார். அதில் கறுப்பு அடர்த்தியாக இருக்கும். பிக்காசோ அதில் பலவற்றை நண்பர்களுக்குக் கொடுத்தார். பிறகு அம்ப்ருவாஸ் வொலார் என்ற ஓவிய வியாபாரி இதையும், இதோடு சேர்ந்த மற்ற தகடுகளையும் வாங்கி, 1913-ல் 15 படங்கள் கொண்ட தொகுப்பாக வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் 250 தாள், அதுபோக ஜப்பான் தாளில் கொஞ்சம்.

துத்தநாகம் மெத்தென்ற உலோகம். அத்தனை தடவை உருளைக்குள் போனால் பள்ளமெல்லாம் நசுங்கிவிடும். அதனால் வொலார் தகடுகளுக்கு எஃகு முலாம் பூசச் சொன்னார். கவரிங் நகைக்கு முலாம் போடுகிற அதே மின்சார வழிதான். தகடு தாங்கியது. ஆனால் முலாம் போட்ட தகட்டில் மை கொஞ்சம் கூடுதல் சுத்தமாகத் துடைபட்டுவிடும், இருட்டின் கனம் குறைந்துபோகும். அதனால்தான் முலாம் பூசுவதற்கு முன்னால் எடுத்த தாள்களுக்கு அவ்வளவு கிராக்கி.

என்ன விலை போகும்?

2022-ல் லண்டன் ஏலத்தில் முலாமுக்கு முந்தைய தாள் ஒன்று 60 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. ரூபாய்க்கு மாற்றிச் சொன்னால் கடையில் இருக்கிறவர்கள் எல்லாரும் கொஞ்ச நேரம் அந்தக் காலித் தட்டையே பார்க்கிறார்கள்.

இலவசமாகப் பார்க்க வேண்டுமானால், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம், மெட்ரோபாலிட்டன், சிகாகோ கலை நிறுவனம் ஆகியவற்றின் இணையதளங்களில் பார்க்கலாம்.

எங்க வீட்ல ஒரு பழைய எட்சிங் இருக்கு. அசலா, அச்சடிச்ச நகலான்னு எப்படிக் கண்டுபிடிக்க?

மிஷன் பங்களாவில் இருந்தது, வெள்ளைக்காரன் விட்டுப் போனது என்று சொல்லி வருஷத்துக்கு ஒன்றிரண்டு வரும். நான் பார்ப்பது மூன்று விஷயம்.

முதலில் லென்ஸ். நகலாக இருந்தால் கோடு சின்னச் சின்னப் புள்ளியாக உடையும், செய்தித்தாள் போட்டோவைப் போல. எட்சிங் கோடு உடையாது. ரெண்டாவது, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் மை தாளைவிட மேலே எழும்பி நிற்கும். இது புரியவில்லையென்றால் பையிலிருந்து 500 ரூபாய் நோட்டை எடுத்துக் காந்தி படத்தை விரலால் தடவிப் பாருங்கள். அந்த மேடும் பள்ளத்திலிருந்து மை எடுக்கிற அச்சில் வந்ததுதான். மூன்றாவது, படத்தைச் சுற்றி நாலு பக்கமும் தகட்டின் ஓரம் தாளை அமுக்கிய தடம் இருக்கும். இது இல்லையென்றால் தாளை ஓரத்தில் வெட்டியிருக்கலாம், அல்லது அது எட்சிங்கே இல்லை. ஆனால் தடம் இருக்கிறது என்பதற்காகவே நம்பிவிடவும் கூடாது, பொய்த்தடம் அமுக்கத் தெரிந்தவர்களும் உண்டு.

இதுவரை என் கையில் பிக்காசோ வந்ததில்லை. ஒரு தடவை ஒருவர் துணியில் சுற்றி ரொம்ப ரகசியமாகக் கொண்டுவந்து பிரித்தார். காலண்டர். கீழே மாதத் தேதியைக் கிழித்த தடம் இருந்தது.

இது மாதிரிக் குடும்பப் படம் வேற செய்திருக்காரா?

அடுத்த வருஷமே. 1905-ல் அவர் கழைக்கூத்தாடிகள், சர்க்கஸ்காரர்கள் பக்கம் திரும்பினார். அதே தொகுப்பில் ‘தாயின் ஒப்பனை’, ‘குளியல்’, ‘குரங்கோடு கழைக்கூத்தாடிக் குடும்பம்’ என்றெல்லாம் தலைப்புகள் இருக்கின்றன. ‘ஏழைகள்’ என்றும் ஒன்று உண்டு. கயிற்றில் நடக்கிற காட்சி குறைவு. கயிற்றிலிருந்து இறங்கி வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற நேரம்தான் அவருக்குப் பிடித்திருக்கிறது. நம் ஊர்த் தெருவில் கழைக்கூத்தாடி வந்தால், ஆட்டம் முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். அதற்கப்புறம் அந்தக் குடும்பம் மூட்டையை எங்கே அவிழ்த்து, எங்கே உலை வைக்கிறது என்று நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர்? அந்த மீதியைத்தான் அவர் தகட்டில் போட்டார்.

இந்தப் படத்தை வீட்ல மாட்டினா தரித்திரம் வரும்னு சொல்றாங்களே?

என் கடையில் இது 14 வருஷமாக இருக்கிறது. வாடகை ஏறியிருக்கிறது, அதற்குக் காரணம் பிக்காசோ இல்லை.

சும்மா சொல்லவில்லை, இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பசியை அனுபவித்த வீட்டில் அதைச் சட்டம் போட்டு மாட்ட மனசு வராது. எங்கள் அம்மா இந்தப் படத்தை ஒருநாளும் நேராகப் பார்த்ததில்லை. கடைக்கு வந்தால் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்கள்.

கல்யாணப் பத்திரிகையிலோ டீ-சர்ட்டிலோ போட்டுக்கலாமா?

படம் பழசு, ஆனால் உரிமை இன்னும் முடியவில்லை. நம் நாட்டுச் சட்டப்படி ஓவியர் இறந்த பிறகு 60 வருஷம் காப்புரிமை. பிக்காசோ இறந்தது 1973-ல், ஆக 2033 முடியணும். கல்யாணப் பத்திரிகைக்கு இந்தப் படம் வேண்டும் என்று கேட்ட பையனிடம் சட்டத்தைச் சொல்வதற்கு முன்னால் வேறொன்று சொன்னேன்: தம்பி, மாமனாரிடம் கேட்டியா?

காகிதப் படத்துக்கு நம்ம ஊர்ல எப்படிச் சட்டம் போடணும்?

இது என் தொழில், இதில் மட்டும் அதிகாரமாகப் பேசுவேன். கண்ணாடி தாளைத் தொடக்கூடாது. நடுவில் மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறித் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால், பிரிக்கும்போது மையும் சேர்ந்து வரும். தாளைப் பசை போட்டு அட்டையில் முழுக்க ஒட்டச் சொல்லாதீர்கள். மேல் ஓரத்தில் ரெண்டு இடத்தில் பிடித்துத் தொங்கவிட்டால் போதும். சாதா மரக்கூழ் அட்டையில் அமிலம் இருக்கும், சில வருஷத்தில் தாள் பழுப்பாகிவிடும். ஒரு தடவை அந்த அமிலத்தால் பிறந்த படம், ரெண்டாவது தடவை அமிலத்தால் சாக வேண்டாம். பின்பக்கத்தை டேப் போட்டு அடைத்துவிடுங்கள், ராமபாணப் பூச்சிக்கு ஒரு மயிரிழை இடைவெளி போதும். வெயில் நேராக அடிக்கிற சுவர் கூடவே கூடாது, நம் ஊரில் சித்திரை வெயில் தாளை அப்பளமாக்கிவிடும்.

இதையெல்லாம் சொல்கிற நானே என் பக்கத்தைச் சாதா அட்டையில்தான் ஒட்டி வைத்திருக்கிறேன். கீழ் ஓரம் மஞ்சளாகிவிட்டது. செருப்புத் தைக்கிறவர் வீட்டுக் கதைதான்.

இந்தப் படம் விலைக்கா?

இல்லை. ஆனாலும் ரெண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் கல்லூரி மாணவி. அவருக்கு அருங்காட்சியக இணையதளத்தை எழுதிக் கொடுத்தேன். இன்னொருவர் புதுசாகப் பரோட்டாக் கடை திறக்கிறவர், உள்ளே மாட்ட நல்லா இருக்கும் என்றார். அண்ணாச்சி, சாப்பாட்டுக் கடையில் காலித் தட்டுப் படமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். “ஆமா, இன்னொரு செட் வைக்கச் சொல்லி சண்டைக்கு வருவானுவ” என்று சொல்லிவிட்டு, நெல்லையப்பர் காந்திமதி படம் ஒன்று வாங்கிப் போனார்.